நாலு விரற்கடை

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில்தான் என் முதல் மேக்ரோ லென்ஸ் தயாரானது. 2009இல் நிக்கான் டி90 கேமராவும் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸும் வாங்கியிருந்தேன். அந்த லென்ஸை முன்பக்கம் பின்னாகத் திருப்பி மாட்டினால் சின்னப் பொருள்களைப் பெரிதாகக் காட்டும் என்று படித்திருந்தேன். அப்படி மாட்ட ஒரு வளையம் வேண்டும். அதன் ஒரு பக்கம் லென்ஸின் முகத்தில் ஃபில்டர் திருகுகிற மரையில் ஏற வேண்டும். மறுபக்கம் கேமராவின் வாயில் பூட்டிக்கொள்ள வேண்டும். நிக்கானே பிஆர்-2ஏ என்ற பெயரில் ஒன்று செய்தது. விசாரித்த கடைகளில் அது இல்லை; சொன்னால் வரவழைக்கலாம் என்றார்கள். பம்புசெட்டின் எந்த உதிரிப் பாகத்தையும், பழசைக் காட்டினால் புதுசாகக் கடைந்து கொடுக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு வளையத்துக்காகக் கூரியரை எதிர்பார்ப்பானேன்?

பட்டறைக்காரர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் லென்ஸை வாங்கினார். முகத்து மரையில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது பிட்ச் எவ்வளவுங்க? ஒண்ணா, முக்காலா?"

"முக்காலுங்க. விட்டம் அம்பத்திரண்டு."

கேமரா வாய்க்கு வரும் பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போட்டு, கண்ணாடி கழன்ற பழைய ஃபில்டர் வளையம் ஒன்றை அரால்டைட்டால் ஒட்டிவிடலாம் என்பது என் யோசனை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒட்டறதெல்லாம் வெயிலுக்கு நிக்காதுங்க" என்றார். அலுமினியத்தில் வளையம் கடைந்து, மரை வெட்டி, மூடியோடு சின்னத் திருகாணிகளால் இணைத்துக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் தம் கானுயிர்ப் படங்களை எடுத்ததும் இப்படி ஒட்டுப்போட்ட கேமராவில்தான். ஒரு கம்பெனியின் உடல், இன்னொன்றின் லென்ஸ் என்று தாமே பொருத்தி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அவர் எடுத்தது யானையும் காட்டெருமையும். எனக்கு வாய்த்தது எறும்பு.

திருப்பிப் போட்ட 50 மி.மீ. லென்ஸில் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவை நெருங்க முடியும். அதாவது ஒரு சென்டிமீட்டர் நீளப் பூச்சியின் பிம்பம் சென்சாரிலும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டராக விழும். டி90இன் சென்சார் அகலம் 23.6 மி.மீ.தான். அப்படியென்றால் நம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்று அகலமான ஓர் உலகம் படச்சட்டம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். 28 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. குவியத்தூரம் குறையக் குறைய உருவம் பெருக்கும். லென்ஸும் பூச்சியை இன்னும் நெருங்கியாக வேண்டும்.

திருப்பிய பிறகு லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆட்டோஃபோகஸ் கிடையாது, ஒளி அளவு காட்டாது. என் லென்ஸ் பழைய ரகம், அப்பர்ச்சரைத் திருகுகிற வளையம் அதன் உடம்பிலேயே இருந்தது. அது பெரிய வரம். எஃப்/1.8இல் வெளிச்சமாக வைத்துக்கொண்டு ஃபோகஸ் பார்ப்பேன். பிறகு கண்ணை எடுக்காமல், விரலால் சொடுக்குகளை எண்ணிக்கொண்டே எஃப்/11 வரை மூடுவேன். வியூஃபைண்டர் இருண்டுவிடும். அந்த இருட்டில் நம்பிக்கையின் பேரில் பொத்தானை அழுத்த வேண்டும். பின்னால் வந்த ஜி ரக லென்ஸ்களில் அந்த வளையமே இல்லை. அவற்றைத் திருப்பிப் போட்டால் துளை முழுக்க மூடிக்கொள்ளும். பின்பக்கத்து நெம்புகோலில் காகிதத் துண்டைச் செருகித்தான் திறந்து வைக்க வேண்டும். ஆகவே திருப்பிப் போடவென்று லென்ஸ் தேடுகிறவர்களிடம் வளையம் உள்ள பழைய லென்ஸைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். விலையும் சல்லிசு.

முதலில் கிடைத்தது வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடி. எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி கொழுந்து இலையில் ஒவ்வொன்றாக முட்டை வைத்துவிட்டுப் போகும். வெளிர்மஞ்சளாய், உருண்டையாய், கடுகுக்கும் சிறியதாய் இருக்கும். முட்டை ஓடாது. எவ்வளவு நெருங்கினாலும் கோபிக்காது. பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க அது கறுத்து வருவதையும், புழு வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தன் முட்டை ஓட்டையே தின்பதையும் அந்த அலுமினிய வளையம் காட்டிக்கொடுத்தது.

அப்பா ஒரு மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தவர். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கவுண்டிங் கிளாஸ் இருக்கும். பித்தளையில், மூன்றாக மடியும். அடித்தட்டில் ஓர் அங்குலச் சதுரத் துளை. துணிமேல் வைத்துக் குனிந்து, அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணுவார். சின்ன வயதில் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சர்க்கரை, உப்பு, மரவட்டை என்று கிடைத்ததன்மேலெல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறேன். சர்க்கரையும் உப்பும் ஒத்துழைத்தன. மரவட்டை சுருண்டுகொண்டது. துணி எண்ணச் செய்த கண்ணாடி துணியின்மேலேயே உட்காரலாம். துணிக்கு ஆட்சேபனை இல்லை. உயிருள்ளவற்றுக்கு உண்டு. லென்ஸ் வாங்குவது பற்றி இன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஆட்சேபனையைச் சுற்றித்தான் இருக்கிறது.

அதைச் சரியாகப் புரியவைத்தது முசுறு எறும்பு. கொய்யா மரத்தில் இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுக்கள் விடும் பட்டு இழையால் தைத்துக் கூடு கட்டும் அதே சிவப்பு எறும்பு. கொட்டாது. கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். எரிச்சலுக்கு அது போதும். திருப்பிப் போட்ட லென்ஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் நீளம்தான் இடைவெளி. மூச்சுக்காற்று பட்டவுடனே முன்னுடம்பைத் தூக்கித் தாடையை விரித்து நிற்கும். அடுத்த கணம் லென்ஸின்மேல் இருக்கும். அதற்கடுத்து என் கழுத்தில். படம் என்னவோ கிடைத்தது. எல்லாப் படத்திலும் ஒரே பாவனைதான்: என்னைக் கடிக்க வரும் எறும்பு. அவை தங்களுக்குள் என்ன செய்துகொள்கின்றன என்பதற்கு ஒரு படமும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு ஆசாமியும் உண்டு. முசுறு எறும்பைப் போலவே சிவந்து, இடுப்பு ஒடுங்கி, முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோலத் தூக்கி ஆட்டிக்கொண்டு திரியும் குதிக்கும் சிலந்தி. ஆண் சிலந்தியின் தாடை நீண்டு முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால் ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும். கால்களை எண்ணினால்தான் குட்டு உடையும்: எட்டு. எறும்பு நம்மேல் பாயும். இந்த வேஷக்காரச் சிலந்தியோ ஓர் இழையை விட்டு இலைக்கடியில் தொங்கிவிடும். ஒரு விரல் நீளத்தில் நெருங்கி அதை ஒருபோதும் இயல்பாகப் பார்க்க முடியவில்லை.

வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மருதமலை அடிவாரத்துக்குக் காலைநடையாக வருவார். பழகிய பிறகு நானும் கூடவே போவேன். கழுத்தில் கயிற்றில் 10 மடங்குக் கைலென்ஸ் தொங்கும். அதை இறந்ததற்கும் இலைக்கும்தான் எடுப்பார். உயிரோடு இருப்பதை வெறுங்கண்ணால், நின்ற இடத்திலிருந்தே பார்ப்பார். ஒருநாள் வேலிக்கம்பியில் உட்கார்ந்த தட்டானைக் காட்டி, "நடந்து போங்க. அது பறக்கிற இடத்துல நில்லுங்க" என்றார். போனேன். பறந்தது. நின்றேன். சற்று நேரத்தில் அதே கம்பிக்கு அது திரும்பி வந்தது. "இப்ப ஒரு அடி பின்னால வந்து குத்தவைங்க. அதுக்கு உங்களப் பிடிக்கணும்னு இல்ல. உங்களக் கண்டுக்காம இருந்தாப் போதும்." ஒவ்வொரு பூச்சியைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது, அது வெயில் ஏற ஏறப் பெரிதாகிறது, பனி விழுந்த காலையில் சுருங்கிக் கிடக்கிறது என்பதை அவரோடு நடந்து நடந்து தெரிந்துகொண்டேன். உடம்பு சூடேறாத தட்டான் ஆறரை மணிக்குக் கிட்டத்தில் விடும். அதே தட்டான் ஒன்பது மணிக்கு மூன்று முழம் தள்ளி நின்றாலும் விடாது.

அதற்குப் பிறகு கடைக்குப் போனபோது சட்டைப் பையில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

மேக்ரோ லென்ஸ்களின் விவரத்தாளில் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது லென்ஸின் மூக்கிலிருந்து அளப்பதல்ல. கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளப்பது. கேமராவின் தலையில் ஒரு வட்டத்தைக் கோடு வெட்டுகிற சின்னக் குறி இருக்குமே, அதுதான் சென்சாரின் இருப்பிடம். நிக்கானின் 60 மி.மீ. ஏஎஃப்-எஸ் மைக்ரோ லென்ஸுக்கு அந்த எண் 18.5 செ.மீ. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். அதில் லென்ஸின் நீளமும், கேமராவுக்குள்ளே இருக்கும் 4.65 செ.மீ.யும் போனால் பூச்சிக்கு மிஞ்சுவது சுமார் 5 செ.மீ. அதன்மேல் வெயில்மறைப்பையும் மாட்டிக்கொண்டால் சொல்லவே வேண்டாம். 105 மி.மீ. விஆர் லென்ஸுக்கு 31.4 செ.மீ.; மிஞ்சுவது சுமார் 15. 200 மி.மீ. எஃப்/4 லென்ஸுக்கு அரை மீட்டர். மிஞ்சுவது 26 செ.மீ. அளவுக்கு. மூன்றுமே ஒன்றுக்கு ஒன்று தருபவை. மூன்றிலும் எறும்பு ஒரே அளவில்தான் விழும். காசு அதிகம் கொடுத்து நாம் வாங்குவது பெரிய எறும்பை அல்ல. எறும்புக்கும் நமக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை. கடைக்காரர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. உருப்பெருக்கத்தைச் சொல்வார்கள், பின்னணி வெண்ணெயாய் மங்குவதைச் சொல்வார்கள்.

கண்ணாடி மேசைமேல் ஒரு ரூபாயை வைத்து, ஒவ்வொரு லென்ஸையும் கடைசிவரை திருகி, நாணயம் தெளிவாகும் இடத்தில் நிறுத்தி, லென்ஸின் விளிம்பிலிருந்து ஸ்கேலை வைத்தேன். கடைப் பையன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சார், எல்லாரும் படம் எடுத்துப் பாப்பாங்க. நீங்க அளந்து பாக்கறீங்க."

டாம்ரான் 90 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் ஃபோகஸ் நெருங்க நெருங்க மூக்கை நீட்டும் ரகம். நீட்டி முடித்த பிறகும் 10 செ.மீ.க்குச் சற்றே குறைவாக இடம் விட்டது. அது நாலு விரற்கடைக்கும் கூடுதல். 105இன் எடை ஏறத்தாழ அதைப்போல இரண்டு பங்கு. அதிலுள்ள கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவ்வளவு கிட்டத்தில் கேமரா சாய்வதைவிடப் பக்கவாட்டில் நகர்வதுதான் படத்தைக் கெடுக்கும். பழைய முறை சாய்வை மட்டும் திருத்துவது. கேனான் 2009இல் கொண்டுவந்த 100 மி.மீ. எல் லென்ஸ் இரண்டையும் திருத்தப் பார்த்தது. அதிலும்கூட ஒன்றுக்கு ஒன்றில் பலன் பாதிதான் என்று கம்பெனியே சொன்னது. டாம்ரானை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு என் பைக்கும் கைக்கும் அதுதான் பொருந்தியது. இன்னொருவருக்கு 60தான் சரி: நகை, நாணயம், தபால்தலை, விதை, காளான் எடுக்கிறவருக்கு 15 செ.மீ. இடைவெளி எதற்கு? கையெட்டும் தூரத்தில் மேசைமேல் வேலை முடிந்துவிடும்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுவது முதல் நாளே பழக்கமானது. வேண்டிய அளவுக்கு லென்ஸைத் திருகி வைத்துவிட்டு, உடம்பையே முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். எஃப்/11இல், ஒன்றுக்கு ஒன்றில், தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சிலந்தியின் முன்கண் தெளிந்தால் முதுகு மங்கும். எஃப்/22க்கு மூடினால் ஆழம் கூடும். ஆனால் ஒன்றுக்கு ஒன்றில் எந்த எண்ணை வைத்தாலும் நடைமுறையில் அது இரட்டிப்பாக வேலை செய்கிறது. எஃப்/11 என்பது எஃப்/22. எஃப்/22 என்பது எஃப்/44. அவ்வளவு சிறு துளையில் ஒளி வளைந்து சிதறி, முழுப் படமும் சோர்ந்துபோகும். நிக்கான் கேமராவில் அதன் மைக்ரோ லென்ஸ்களை மாட்டினால் இந்த நிஜ எண்ணையே திரையில் காட்டும். எஃப்/2.8 லென்ஸ் கிட்டத்தில் எஃப்/4.8 என்றோ 5.6 என்றோ காட்டுவதைப் பார்த்து, லென்ஸ் பழுது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவரை நான் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறேன். பூச்சி பக்கவாட்டில் வாகாக நிற்கும்வரை காத்திருப்பது அப்பர்ச்சரை மூடுவதைவிட நல்ல வழி.

துளை சுருங்கினால் வெளிச்சம் வேண்டும். லென்ஸ் விஷயத்தைவிட இதில்தான் என் காலம் அதிகம் போயிருக்கிறது. சொல்லப்போனால் என் படங்களைத் திருத்தியதும் இதுதான். கேமரா தலையில் நிற்கும் ஃப்ளாஷ் அவ்வளவு கிட்டத்தில் பூச்சிமேல் விழாது. லென்ஸின் நிழல்தான் விழும். கழற்றி, டிடிஎல் கயிற்றில் இணைத்து, லென்ஸின் மூக்குக்கு மேலே கொண்டுவர வேண்டும். வந்ததும் அடுத்த சிக்கல். பொன்வண்டின் முதுகு ஒரு கண்ணாடி. ஃப்ளாஷின் சின்ன முகம் அதில் சுள்ளென்று ஒரு வெள்ளைப் புள்ளியாக எரியும். மீதி முதுகு கறுத்துவிடும். விளக்கு பெரிதாக வேண்டும். பெரிது என்பது பூச்சி நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது பெரிது. உள்ளங்கை அகல வெள்ளைத் துணியை அதற்கு மிகக் கிட்டத்தில் பிடித்தால் அதன் வானத்தில் ஒரு நல்ல பங்கு வெள்ளையாகிவிடும்.

கடைகளில் விற்கும் டிஃப்யூசர்கள் ஆள் முகத்துக்குச் செய்தவை. டிரேசிங் பேப்பர் வைத்துப் பார்த்தேன், பனியில் நமுத்தது. பால் நிற பிளாஸ்டிக் டப்பாவை வெட்டிப் பார்த்தேன், லேசாக நீலம் தட்டியது. கடைசியில் அமைந்தது கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. வெள்ளையாக, நெய்யாத துணியில் தைத்துத் தருகிறார்களே, அது. நெசவு இல்லாததால் இழையின் நிழல் விழுவதில்லை. ஒளியை விடுகிறது, சிதறடிக்கிறது, நனைந்தாலும் உதறினால் போதும். மணமக்கள் பெயர் அச்சடித்த பக்கத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டின் முதுகில் சிவப்புச் சாயை தெரியும். இரண்டு மடிப்பாக, பந்தல் கம்பியை வளைத்த சட்டத்தில் தைத்து, லென்ஸின் மூக்கிலிருந்து கூரைச் சாய்ப்புபோல முன்னால் நீட்டி வைத்தேன். எந்த முகூர்த்த சீசனிலும் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை.

இந்தச் சாய்ப்பு நிற்கவும் இடம் வேண்டும் என்பதுதான் இதில் விசேஷம். 5 செ.மீ. இடைவெளியில் அதை நுழைக்கவே முடியாது, பூச்சியை இடித்துவிடும். 10 செ.மீ.யில் நுழைகிறது. 15இல் சௌகரியமாக உட்காரும். 26இல் தூரம் கூடிப்போய் வானம் சின்னதாகிவிடும், ஃப்ளாஷ் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். ஆகவே நீளமான லென்ஸ்தான் எப்போதும் உசத்தி என்றும் சொல்ல மாட்டேன். இடைவெளி பூச்சிக்கு ஒரு கணக்கு, விளக்குக்கு வேறொரு கணக்கு; இரண்டும் ஒத்துப்போகும் இடம் 90க்கும் 105க்கும் பக்கத்தில் எங்கோ இருக்கிறது.

விளக்கு கிட்டத்தில் வந்தால் இன்னொரு நன்மை. முழுத் திறனில் எரியத் தேவையில்லை, பதினாறில் ஒரு பங்கு போதும். அந்த அளவில் கைக்கடக்கமான ஃப்ளாஷின் வெளிச்சம் நீடிக்கும் நேரம் ஒரு நொடியில் 10,000இல் ஒரு பங்கு அளவுக்குக் குறுகிவிடும். கை நடுக்கமும் எறும்பின் ஓட்டமும் அதற்குள் நின்றுபோகும். டிரைபாட் வீட்டிலேயே தங்கிவிட்டது. பூச்சிக்கு டிரைபாட் விரித்து முடிப்பதற்குள் அது அடுத்த தோட்டத்தில் இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு மூங்கில் குச்சி: இடது கையால் குச்சியையும் லென்ஸையும் சேர்த்துப் பிடித்தால் ஆட்டம் பாதி அடங்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு எதுவும் செல்லாது. துணிக் கிளிப்பைக் கம்பியில் கட்டிச் செடியின் தண்டைப் பிடித்து நிறுத்தலாம். நிறுத்தின தண்டில் பூச்சி நிற்க வேண்டுமே.

எக்ஸ்டென்ஷன் டியூப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய். குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடுகிற உருப்பெருக்கம் கிடைக்கும். கென்கோ விற்கும் 12, 20, 36 மி.மீ. குழாய்கள் மூன்றையும் சேர்த்தால் 68 மி.மீ.; 50 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மடங்குக்கு நெருங்கிவிடும். 200இல் மூன்றில் ஒரு பங்குதான். விலை குறைவு, கண்ணாடி இல்லாததால் தரம் கெடாது. ஆனால் ஒவ்வொரு மில்லிமீட்டரும் இடைவெளியைத் தின்கிறது.

முன்னால் மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ்கள்தான் எனக்கு இன்னமும் வியப்பு. நாலைந்து கண்ணாடிகள் ஒரே பெட்டியில் வரும் மலிவு ரகத்தைச் சொல்லவில்லை. அது ஒற்றைக் கண்ணாடி, ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகப் பிசிறும். கேனான் 500டி, ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்றவை ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளை இணைத்து அந்த நிறப்பிசிறைத் திருத்தியவை. 500டியின் குவியத்தூரம் பெயரிலேயே இருக்கிறது: 500 மி.மீ. பின்னாலிருக்கும் லென்ஸை எல்லையில்லாத் தூரத்துக்குத் திருகி வைத்தால், அது எந்த லென்ஸாக இருந்தாலும், பூச்சி நிற்க வேண்டிய இடம் அரை மீட்டர் தள்ளி. 300 மி.மீ. லென்ஸில் 0.6 மடங்கு கிடைக்கும். வண்ணத்துப்பூச்சிக்கு அதற்குமேல் எதற்கு? சிறகு விரித்து உட்கார்ந்திருப்பதை அரை மீட்டரிலிருந்து எடுக்கலாம், அதற்கு நாம் வந்ததே தெரியாது. ரேனாக்ஸின் திறன் 8 டயாப்டர்; 12.5 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். 200 மி.மீ. லென்ஸின் மூக்கில் கவ்விவிட்டால் 1.6 மடங்கு. லென்ஸ் மூடியைப்போல இரண்டு பக்கமும் அழுத்திக் கழற்றலாம். ஒரு மேக்ரோ லென்ஸின் விலையில் சிறு பங்குதான். தனி மேக்ரோ லென்ஸ் வாங்கப் பணம் சேரட்டும் என்று வருடக் கணக்கில் காத்திருக்கிறவர்கள் வீட்டில் கிடக்கும் டெலி லென்ஸின்மேல் இதைக் கவ்விக்கொண்டு நாளைக் காலையே வேலிப் பக்கம் போய்விடலாம்.

நண்பர் ஒருவரிடம் கேனான் எம்பி-இ 65 இருந்தது. 1999இல் வந்த விசித்திர லென்ஸ். ஒன்றிலிருந்து ஐந்து மடங்கு வரைதான் எடுக்கும். அதைக் கொண்டு எதிரே நிற்கும் மனிதரைப் படம் எடுக்க முடியாது. ஃபோகஸ் வளையம் கிடையாது, திருகினால் உருப்பெருக்கம் மாறும். ஐந்து மடங்கில் எஃப்/2.8இல் தெளிவு ஆழம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இடைவெளி 4 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். ஒரு மழைக்காலத்தில் இரவல் வாங்கி, முதல் மழைக்கு வெளியே வந்த தம்பலப்பூச்சியை எடுத்தேன். அதன் சிவப்பு வெல்வெட் மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அது நின்று நிதானித்து நடக்கிற பிராணி. முசுறு எறும்பிடம் அந்த லென்ஸோடு நான் போகவில்லை.

அதைவிட அதிகப் பெருக்கத்துக்குப் போகிறவர்கள் பூச்சியை நிறுத்திவைத்துத்தான் எடுக்கிறார்கள். லெவன் பிஸ் என்ற ஆங்கிலேயர் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சி மாதிரிகளை மைக்ராஸ்கோப் லென்ஸ் வைத்து, இம்மி இம்மியாக நகர்த்தி, ஒரு படத்துக்கு 8,000க்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்து உண்டாக்கினார். 2016இல் அவற்றை ஆள் உயரத்துக்கும் மேலாக அச்சிட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். அற்புதமான வேலை. அதற்கு நகர்த்தும் ரெயில் வேண்டும், ஸெரீன் ஸ்டாக்கர், ஹெலிகான் ஃபோகஸ் மாதிரி மென்பொருள் வேண்டும், அசையாத மேசை வேண்டும். நானும் மலிவில் ஒரு ரெயில் வாங்கி எருக்கு விதையையும் குன்றிமணியையும் அடுக்கடுக்காக எடுத்துச் சேர்த்தேன். மழை நாளுக்கு நல்ல பொழுதுபோக்கு. உயிரோடு இருப்பதை ஃப்ரிட்ஜில் வைத்து விறைக்கச் செய்து, வெளியே எடுத்து, காலை மடக்கிச் சீராக்கிப் படமெடுப்பவர்களும் உண்டு. அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். பூச்சி எதையும் செய்துகொண்டிருக்காது.

90ஐ வாங்கிய வருடத்திலேயே அந்த வேஷக்காரச் சிலந்தியை அதன் போக்கில் பார்க்கக் கிடைத்தது. கொய்யா இலையின் ஓரத்தில், எறும்புச் சாரிக்குப் பக்கத்தில், ஆனால் சாரிக்குள் நுழையாமல், முன்னங்கால்களை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தது. உண்மையான முசுறு ஒன்று எதிரே வந்தது. சிலந்தி ஓடவில்லை, ஆனால் அழகாக இலையின் மறுபக்கத்துக்கு நழுவி, எறும்பு கடந்ததும் திரும்பி வந்தது. எறும்பிடம் சிக்கினால் அதன் கதியும் மற்றப் பூச்சிகளின் கதிதான். வேஷம் எறும்புக்காக அல்ல, எறும்பைக் கண்டு ஒதுங்குகிற மற்றவர்களுக்காக என்று பேராசிரியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் தாம்பூலப் பைச் சாய்ப்புக்கு அடியிலேயே இதெல்லாம் நடந்தது. எறும்பும் சிலந்தியும் என்னைச் சட்டை செய்யவில்லை.

இப்போது அக்கா மகள் இதே வழியில் இறங்கியிருக்கிறாள். கையில் ஐஃபோன். 2021இல் வந்த 13 ப்ரோ முதல் அதில் 2 செ.மீ. வரை நெருங்கி எடுக்கலாம். புழுக்களையும் முட்டைகளையும் பிரமாதமாக எடுக்கிறாள். அவள் புழுப் படங்கள் என்னுடையவற்றைவிடத் தெளிவு. இலைத்தத்தியும் ஈயும்தான் அவளுக்கு வாய்ப்பதில்லை. 2 செ.மீ.யில் ஃபோனின் நிழலே அவற்றைக் கிளப்பிவிடுகிறது. "மாமா, ஒரு கேமராவும் மேக்ரோ லென்ஸும் வாங்கணும். எது நல்லது?" என்று கேட்டாள். என் பழைய டி90ஐயும், 55-200 லென்ஸையும், ரேனாக்ஸையும் கொடுத்து, மூன்று மாதம் இதில் எடு, எந்தெந்தப் பூச்சி எவ்வளவு தூரத்தில் விடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவை, அப்புறம் பேசலாம் என்றேன். நோட்டெல்லாம் எதற்கு, ஃபோனிலேயே குறித்துக்கொள்கிறேன் என்றாள். போன வாரம் அந்தக் குறிப்பை அனுப்பியிருந்தாள். ஈ ஒரு சாண், தாவும் சிலந்தி அதில் பாதி, கும்பிடுபூச்சி எவ்வளவு கிட்டத்தில் போனாலும் அசையாது என்று இருந்தது. கடைசி வரியில், 105தான் வேண்டும், புதுசு கட்டுப்படியாகாது, பழசு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாள். இரண்டு கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன்.